சக்காராவின் கற்கலங்களும் அவற்றை ஈன்ற கற்குழிகளும்

பண்டை எகிப்தின் பெருமையைப் பேசப் புகுகிறவர்கள் பிரமிடுகளை முன்னிறுத்தித் தொடங்குவதே வழக்கமாகிவிட்டபடியால், முதற் பிரமிடு எழும்புவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்நாட்டினர் பசால்ட்டையும் அலபாஸ்தரையும் குடைந்து கலம் செய்யும் வித்தையில் தேர்ச்சி பெற்றிருந்தார்கள் என்னும் செய்தி, நிபுணர்களின் வட்டத்தைத் தாண்டிப் பொதுமக்களின் காதில் அதிகம் விழுந்ததில்லை. பாறையின் குணபேதங்களை அறியும் கண்ணையும், கடினமான கல்லை மென்மையான செம்பாலும் மணலாலும் வெல்லும் உபாயத்தையும், அவசரப்பட்டால் பல நாள் உழைப்பு ஒரு நொடியில் பாழாகிவிடும் வேலையில் நிதானம் காக்கும் மனத்தையும், பிரமிடு கட்டிய கல்தச்சர்களின் முன்னோர் இந்தச் சிறிய தொழிலிலேதான் பழகிக்கொண்டார்கள் என்று கொள்வதற்குப் போதிய நியாயம் இருக்கிறது.

இத்தொழிலைப் பற்றிய ஆராய்ச்சிகளை ஒருசேர வைத்துப் பார்க்கிறவனுக்கு ஒரு விசித்திரம் புலனாகும். கலமானது முதலில் கற்குழியில் பாறையாகக் கிடந்தது. பிறகு பட்டறைக்கு வந்து உருப்பெற்றது. கடைசியில் கல்லறைக்குள் படையலாகப் புகுந்தது. அதைப் பற்றிய நம் அறிவோ கல்லறையில் தொடங்கி, கருவிகளைப் பற்றிய பரிசோதனைக்கு வந்து, நெடுங்காலம் கழித்தே கற்குழியைச் சென்றடைந்தது. கலம் பிறந்த வரிசைக்கு நேர்மாறான வரிசையில் அதன் சரித்திரத்தைப் படித்ததனால் விளைந்த மயக்கங்கள் பல. குறையற்று மின்னும் கலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடத்தப்பட்ட வாதங்களிற் பல, குறைபட்ட கலங்களும் கற்சிதர்களும் கிடக்கும் இடங்களுக்கு ஆராய்ச்சியாளர் போன பிறகே தமக்குரிய அளவுக்குச் சுருங்கின என்பதே இக்கட்டுரை எழுதுவோனின் அபிப்பிராயம்.

கி.மு. 2650ஐ ஒட்டி ஆண்ட ஜோசர் மன்னனின் படிப் பிரமிடு சக்காரா மேட்டில் நிற்கிறது. அதன் கீழ்த்திசையில் பாறையைச் செங்குத்தாகக் குடைந்து இறக்கிய பதினொரு குழிகள் உள்ளன. அவற்றின் அடியிலிருந்து, தரைக்கு 30 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், நீண்ட சுரங்க அறைகள் பிரமிடின் வயிற்றுக்குள் செல்கின்றன. முதல் ஐந்தும் அரச குடும்பத்தினரின் பிரேதங்களுக்காக வெட்டப்பட்டவை. ஆறாவதும் ஏழாவதும் ஆகிய அறைகளுக்குள் 1930களின் நடுப்பகுதியில் க்விபெல் என்ற ஆங்கிலேயரும் லோயெர் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரும் புகுந்தபோது, கூரை இடிந்து விழுந்த பாறைகளின் அடியில் கற்கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நொறுங்கிக் கிடந்தன. மொத்தம் ஏறக்குறைய 40,000 என்று கணக்கிடப்பட்ட அக்கலங்களில் முழுதாகத் தப்பியவை சிறுபகுதியே. 1926இல் சக்காராவுக்கு வந்து 2001இல் காலமாகும்வரை அந்த மேட்டையே தம் வாழ்க்கையாக்கிக்கொண்ட லோயெர், சில்லுகளைப் பொருத்திக் கலங்களை மீட்டெடுக்கும் வேலையிலும் ஈடுபட்டார்.

அந்தப் பொக்கிஷத்தின் முதல் ஆச்சரியம், அதிலிருந்த கலங்கள் பெரும்பாலும் ஜோசருடையவை அல்ல என்பதே. கலங்களின்மேல் கீறப்பட்டும் மையால் எழுதப்பட்டும் இருந்த பெயர்கள் அவனுக்கு முற்பட்ட முதலிரு வமிசங்களின் மன்னர்களைச் சேர்ந்தவை. ஒரே கலத்தின்மேல் டென், அனெட்ஜிப், செமெர்கெட், கா ஆகிய நான்கு மன்னர்களின் பெயர்கள் அடுத்தடுத்துப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. வேறு சில கலங்களில் அனெட்ஜிப்பின் பெயரைச் சுரண்டிவிட்டுச் செமெர்கெட் தன் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறான். வெனெக் என்று ஒரு மன்னன் இருந்தான் என்பதற்கு இத்தகைய கலங்களின் எழுத்தே முக்கிய ஆதாரம். கீறல் எழுத்துக்களை 1959லும் மையெழுத்துக்களை 1965லும் லாக்கோவும் லோயெரும் வெளியிட்ட பின்பு, முதலிரு வமிசங்களின் வரிசையை நிர்ணயிக்கும் சாதனங்களுள் இவை முதன்மை பெற்றன.

இவ்வளவு கலங்கள் ஜோசரின் கல்லறைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தன? முன்னோர்களின் சமாதிகள் கலகத்தில் சூறையாடப்பட்டிருக்க, எஞ்சியவற்றைப் பக்தியோடு திரட்டி ஜோசர் பாதுகாத்தான் என்றனர் சிலர். அரசாங்கப் பண்டகசாலைகளில் பல தலைமுறையாகத் தேங்கிக் கிடந்தவற்றை மொத்தமாக இறக்கிவிட்டான் என்றனர் வேறு சிலர். அவற்றோடு கிடைத்த களிமண் முத்திரைகளில் இரண்டாம் வமிசத்தின் கடைசி மன்னனான காசெகெமுயின் பெயர் காணப்படுவதும், மையெழுத்துக்களிற் பெரும்பகுதி அதே வமிசத்து நினெட்ஜெரின் காலத்தைச் சேர்ந்தது என்று பின்வந்தோர் கண்டதும் இரண்டாவது கட்சிக்கே வலுவூட்டுகின்றன. பழைய கலம் புதிய கல்லறைக்குள் இடம்பெறுவது சாதாரணமாக நடந்திருக்குமானால், கல்லறையின் காலமே கலத்தின் காலம் என்று கொள்ளும் எளிய அனுமானம் நிலைக்காது. கலத்தின் வடிவத்தைக் கொண்டு கல்லறையின் வயதையும், கல்லறையின் வயதைக் கொண்டு கலத்தின் வடிவவரிசையையும் நிறுவிவந்த பழைய அட்டவணைகளை, ஆகவே, சற்று எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்.

இனிக் கருவிகளைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1880களின் தொடக்கத்தில் கீசாவில் அளவெடுத்தபோது, கிரானைட்டில் துளையிட்டு எடுத்த உருளை வடிவான கற்குச்சிகளைக் கண்டு, அவற்றின்மேல் சுற்றிச் செல்லும் ஆழமான வரிகளை ஆராய்ந்து, ரத்தினப் பற்கள் பதித்த செம்புக் குழலைக் கொண்டே அவற்றை எடுத்திருக்க வேண்டும் என்று 1883இல் எழுதினார். எகிப்தியரின் பொருள்களை இரசாயன நோக்கில் ஆராய்ந்த ஆல்பிரட் லூகாஸ் இதை ஏற்கவில்லை. அந்நாட்டில் அக்காலத்தில் அத்தகைய ரத்தினங்கள் கிடைத்தமைக்கு ஆதாரமில்லை என்றும், செம்புக் குழலின் விளிம்புக்கும் கல்லுக்கும் இடையே அகப்பட்ட மணலே உராய்ந்து கல்லைத் தின்றது என்றும் அவர் வாதித்தார். சக்காராவில் கிடைத்த மூன்றாம் வமிசத்து அலபாஸ்தர்த் துண்டு ஒன்றின் துளைக்குள் வெளிர்பச்சைப் பொடி இறுகிக் கிடந்ததையும், அது செம்பின் களிம்பேறிய சன்னமான மணல் என்பதையும் அவர் எடுத்துக்காட்டியது, வாதங்களுக்கு நடுவே வந்து நின்ற நேர்ச்சாட்சியமாகும்.

வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. 1983இல் கோரெலிக், க்வின்னெட் என்னும் அமெரிக்கர் இருவர், துளைகளின் உட்சுவரில் அச்செடுத்து எலக்ட்ரான் உருப்பெருக்கியில் பார்த்து, வெறும் மணல் அத்தகைய தெளிவான வரிகளைத் தருவதில்லை என்றும் குருந்தக்கல் போன்ற கடினமான பொடி வேண்டியிருந்திருக்கும் என்றும் கூறினர். இங்கிலாந்தின் டெனிஸ் ஸ்டாக்ஸ் பல ஆண்டுகள் தம் கையாலேயே செம்புக் குழல்களைச் செய்து, வில்லால் சுழற்றி, மணலிட்டுக் கிரானைட்டைத் துளைத்துக் காட்டி, அதன் விவரங்களை 2003இல் நூலாக வெளியிட்டார். மணலே போதும் என்பதும், கல் தேயும்போது செம்பும் கூடவே பெருமளவில் கரைகிறது என்பதும் அவர் பரிசோதனையிலிருந்து கிடைத்த முடிவுகள். வரிகளின் காரணத்தைப் பற்றி இன்னும் அபிப்பிராய பேதம் உண்டெனினும், வேலை நடந்த விதத்தைப் பற்றிய சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது என்றே சொல்லலாம்.

அந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். பாறைத் துண்டை முதலில் கற்குண்டுகளால் தட்டித் தட்டி உருவத்துக்குக் கொண்டுவந்து, புறத்தை மணற்கல்லால் தேய்த்துச் சீராக்கி, அதன் பிறகே உட்புறத்தைக் குடைந்தார்கள். புறம் முழுதும் மெருகேறி உள்ளே குடைவு பாதியில் நின்றுபோன கலங்கள் இதற்குச் சாட்சி. வெளிவேலை முடிந்தபின் உள்வேலையில் கலம் விண்டுபோனால் முன் பட்ட பாடெல்லாம் வீண் என்பதை அறிந்தும் அவர்கள் இம்முறையையே கைக்கொண்டதற்குக் காரணம், தட்டும் அதிர்ச்சியைத் தாங்குவதற்குக் கலத்தின் உள் நிறைந்திருக்க வேண்டும் என்பதே போலும். குடையும் கருவியைச் சக்காராவில் மெரெருகாவின் சமாதிச் சுவரிலும், ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பிற்பட்டுத் தீப்ஸில் ரெக்மிரேயின் சமாதியிலும் சித்திரமாகப் பார்க்கலாம். சாய்ந்த கைப்பிடியுள்ள மரத்தண்டு ஒன்று, அதன் மேற்பாகத்தில் பாரத்துக்காகக் கட்டிய கற்கள், கீழ்முனையில் கவை, கவையில் பொருத்திய குடைகல். கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருகி, பின் மறுபக்கமாகத் திருப்பி, மீண்டும் திருகி, இவ்வாறு இடையறாது அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் குழல் துளைக்கருவியால் வாயிலிருந்து நேரே அடிவரை துளையிட்டு நடுவில் நிற்கும் குச்சியை முறித்தெடுத்துவிட்டு, பிறகு இடை சிறுத்து இருபுறமும் அகன்ற குடைகல்லைச் செங்குத்தாகக் கழுத்து வழியே நுழைத்து, உள்ளே போனதும் குறுக்காகத் திருப்பிக் கவையில் மாட்டுவார்கள். மேலும் மேலும் நீளமான கற்களை இப்படி மாற்றி மாற்றி மாட்டுவதால், குறுகிய வாய்க்கு அடியில் அகன்ற தோள் உருவாகிறது. உடைந்த கலத்தின் உட்சுவரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், ஒவ்வொரு குடைகல்லும் விட்டுச் சென்ற கிடைமட்ட வரிகளைப் படிப்படியாகக் காணலாம். லக்சருக்கு எதிர்க்கரையில் உள்ள குர்னா கிராமத்து அலபாஸ்தர்த் தொழிலாளரிடம் ஹெஸ்டர், ஹெய்சர் என்னும் மானிடவியலார் நடத்தி 1981இல் வெளியிட்ட ஆய்வு, குடையும்போது கல் விண்டுவிடாமல் அதைத் துணியால் இறுகச் சுற்றும் பழக்கத்தை விவரிக்கிறது. பழங்காலத்தாரும் இப்படி ஏதேனும் செய்திருக்கக்கூடும் என்று எண்ணத் தோன்றுகிறது.

இதற்கிடையில், இக்கலங்கள் கடைசல் யந்திரம் இன்றி உண்டாகியிருக்கவே முடியாது என்றும், மறைந்துபோன ஏதோ ஒரு நாகரிகத்தின் கைவேலை என்றும் கூறுகிறவர்கள் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்கள் அளவெடுத்துக் காட்டும் கலங்களுட் பல, எங்கே எப்போது தோண்டி எடுக்கப்பட்டன என்ற விவரமில்லாத தனியார் சேகரங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் நவீனப் போலிகள் கலந்திருக்கவும் கூடும். முறையான அகழ்வில் கிடைத்த கலங்களிலோ, தோளின் இருபுறமும் கயிறு கோக்கும் காதுகள் அதே கல்லில் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சுழலும் யந்திரத்தில் வைத்து இழைத்தால் அந்தக் காதுகள் முதற் சுற்றிலேயே பறந்துபோகும். காதுகளுக்கு இடைப்பட்ட பகுதியைக் கையால்தான் தேய்த்தாக வேண்டும். தேய்த்த திசையை மாற்றிய தடயமும் அங்கே தெரிகிறது. 1936இல் வால்டர் எமெரி சக்காராவில் சாபு என்பவரின் சமாதியில் கண்டெடுத்த, 61 சென்டிமீட்டர் விட்டமுள்ள, மூன்று மடல்கள் உள்நோக்கி மடிந்த விசித்திரமான கற்றட்டைப் பற்றி எழுந்துள்ள கற்பனைகளுக்கு எல்லையில்லை. அது ஒரு பாத்திரமா, பீடமா என்பது தீர்க்கப்படாவிட்டாலும், அது எளிதில் நொறுங்கும் களிக்கல் வகையால் ஆனது என்ற ஒன்றே, அதை யந்திர உறுப்பாகக் கருதுவோருக்குப் போதிய பதிலாகும்.

கல்லின் ஜாதியைச் சரியாக அறிவதில் கழிந்த காலமும் குறைவன்று. பழைய அட்டவணைகளில் டயோரைட் என்று எழுதப்பட்டவற்றுட் பல வேறு பாறைகள். சிஸ்ட் என்று எழுதப்பட்டது கிழக்குப் பாலைவனத்து வாடி ஹம்மாமத்தின் கருஞ்சாம்பல் நிறக் களிக்கல். 1994இல் பார்பரா ஆஸ்டன் கலங்களின் பொருள்களையும் வடிவங்களையும் பற்றி எழுதிய நூலும், ஜேம்ஸ் ஹாரெல் என்ற நிலவியலார் பாலைவனம் முழுவதும் அலைந்து பழைய கற்குழிகளைப் பட்டியலிட்ட உழைப்பும் இக்குழப்பத்தைப் பெரிதும் நீக்கின. பசால்ட்டைப் பற்றிய முடிவு சுவையானது. வமிசங்களுக்கு முற்பட்ட பசால்ட் கலங்களின் கனிமச் சேர்க்கையை 1990களில் ஆராய்ந்தவர்கள், தெற்கே மேல் எகிப்தில் புதைக்கப்பட்டவையும் உட்பட, அவற்றின் கல் வடக்கே கெய்ரோவை அடுத்த ஹத்தாதின் எரிமலைப் படிவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கண்டனர். மேல் எகிப்து, கீழ் எகிப்து என்னும் இரு நாடுகளும் ஒரே முடியின்கீழ் வருவதற்கு முன்பே கல்லோ கலமோ நைல் நதியின்மேல் நெடுந்தூரம் பயணம் செய்தது என்பது இதனால் விளங்குகிறது.

கற்குழிகளுள் முதலில் சொல்லத்தக்கது அபு சிம்பெலுக்கு வடமேற்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில், நீரற்ற மணல்வெளியில் உள்ள ஜெபல் அல்-அஸ்ர். 1932இல் எகிப்தியச் சேனையின் ரோந்துக் குழு ஒன்று தற்செயலாகக் கண்ட இவ்விடத்தை அடுத்து வந்து பார்த்தவர் எங்கெல்பாக். காஃப்ரே மன்னனின் புகழ்பெற்ற சிலைக்குரிய, வெயிலில் நீலச்சாயல் காட்டும் நைஸ் பாறை இங்கிருந்தே போனது. அதனால் காஃப்ரேயின் கற்சுரங்கம் என்ற பெயரும் இதற்கு நிலைத்தது. ஆனால் இயன் ஷாவும் எலிசபெத் பிளாக்ஸமும் 1990களின் இறுதியிலிருந்து நடத்திய அளவாய்வு இப்பெயரின் பொருத்தத்தையே ஐயத்துக்குள்ளாக்கியது. சிலைகளுக்காகப் பெரும்பாறை எடுத்தது பெரும்பாலும் நான்காம் வமிசத்தின் குறுகிய காலத்தில்தான். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேலையோ கலங்களுக்குரிய சிறு கட்டிகளை எடுப்பது. பரந்த வெளியில் சிதறிக் கிடக்கும் ஆழமற்ற எண்ணற்ற குழிகளைச் சுற்றிச் சிதர்க்குவியல்களும், அரைகுறையாக உருண்டைப்படுத்திப் பழுது கண்டு எறிந்த கலக்கருக்களும் இன்றும் கிடக்கின்றன. ஹெல்டால், ஸ்டோரெமைர் என்னும் நார்வே நாட்டு நிலவியலார், பாறையின்மேல் தீமூட்டி வெப்பத்தால் அதை விரியச் செய்த அடையாளங்களையும் இங்கே கண்டு விவரித்திருக்கிறார்கள். தீயினால் உள்ளே நுண்வெடிப்பு விழுந்த கல் குடைவுக்கு உதவாதாகையால், எவ்வளவு சூட்டை எவ்வளவு நேரம் வைப்பது என்ற அறிவும் கற்குழித் தொழிலாளியின் சொத்தாக இருந்திருக்க வேண்டும்.

ஃபையூமின் வடக்கே உம் எஸ்-சவான் என்ற இடத்தின் கதை வேறு. அங்கே கிடைப்பது நகத்தாலும் கீறத்தக்க ஜிப்சம். 1920களில் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் எலினர் கார்ட்னரும் அங்கே வட்டமான கற்குடில்களின் அடித்தளங்களையும், செதுக்கிய சக்கிமுக்கிக் கல்லால் ஆன பிறைவடிவக் குடைகற்களையும், பாதி வேலையான ஜிப்சக் கலங்களையும் கண்டு 1934இல் வெளியிட்டனர். சித்திரத்தில் தண்டின் முனையில் காணும் கல் எத்தகையது என்ற கேள்விக்கு, தேய்ந்து மழுங்கிய விளிம்போடு மண்ணில் கிடந்த அந்தப் பிறைகளே பதில் கூறின. குடைகற்கள் கற்குழியின் வாயிலிலேயே குவிந்து கிடப்பதால், மென்கல் கலங்களின் உட்குடைவும் அங்கேயே நடந்தது என்பதும் தெளிவு. ஜெபல் அல்-அஸ்ரிலோ வெறும் கருக்கள்தாம் கிடைக்கின்றன. குடைவு வேறெங்கோ நதிக்கரையில் நடந்தது. கடினமான கல்லும் மென்மையான கல்லும் இரண்டு வேறு தொழில்முறைகளை வேண்டின என்ற இந்தப் பேதத்தை, கல்லறைக் கலங்களை மட்டும் பார்த்தவர்கள் ஊகிக்கவும் வழியில்லை.

மூன்றாவதான ஹத்நூப், அமர்னாவுக்குத் தென்கிழக்கே பாலைவனத்துக்குள் உள்ள அலபாஸ்தர்ச் சுரங்கம். 1891இல் நியூபெரி கண்டு வெளிப்படுத்திய இவ்விடத்தில், கூஃபு மன்னனின் காலம் முதல் மன்னர்களும் மாகாணத் தலைவர்களும் எழுதிவைத்த கல்வெட்டுக்கள் ஏராளம். மெரென்ரே மன்னனுக்காக ஒரு பெரிய பலிபீடத்தை இங்கிருந்து பதினேழே நாளில் எடுத்துக் கொடுத்ததாக வெனி என்ற அதிகாரி தன் சுயசரிதக் கல்வெட்டில் பெருமை பேசுகிறான். 2018இல் பிரெஞ்சு, ஆங்கில ஆய்வாளர் அடங்கிய குழுவினர் இச்சுரங்கத்திலிருந்து மேலேறும் செங்குத்தான சரிவுப்பாதையையும், அதன் இருமருங்கும் படிக்கட்டுகளையும், கம்பம் நட்ட குழிகளையும் கண்டறிந்து, அவை குறைந்தது கூஃபுவின் காலம் அளவுக்கேனும் பழமையானவை என்றனர். பத்திரிகைகள் இதைப் பிரமிடு ரகசியம் என்று முழங்கின. என் நோக்கில், கம்பத்தில் கயிறு சுற்றிப் பாரம் இழுக்கும் யுக்தி சுரங்கக்காரர்களின் அன்றாட அறிவிலிருந்து வந்தது என்பதே அதில் கவனிக்கத்தக்க செய்தி.

வெனியைப் போன்றோரின் கல்வெட்டுக்களைப் படித்தே வளர்ந்த பழைய சரித்திரக்காரர்கள், ஒவ்வொரு கற்குழியிலும் ஆயிரக்கணக்கான அடிமைகளையும் சாட்டை பிடித்த அதிகாரிகளையும் கற்பனை செய்துகொண்டார்கள். பிளாக்ஸம் இதை மறுக்கிறார். ஜெபல் அல்-அஸ்ரின் தங்குமிடங்கள் சிறியவை. அரசாங்கத்தின் அடையாளமான முத்திரைகளும் எழுத்துக்களும் அங்கே அரிது. கல்லின் குணம் அறிந்த உறவுக்குழுக்கள், தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவோடு, பருவத்துக்குப் பருவம் வந்து வேலை செய்தன என்பது அவர் கொள்கை. எல்லாக் கற்குழிக்கும் இதைப் பொதுவிதியாக்குவது சரியன்று. ஹத்நூபின் கல்வெட்டுக்கள் அரசாங்கமே ஆட்களைத் திரட்டி அனுப்பியதையும் மறுக்கமுடியாதபடி காட்டுகின்றன. ஆயினும் கலத்துக்குரிய கட்டிகளைப் பொறுத்தவரை பிளாக்ஸமின் வாதமே பொருத்தமாகப் படுகிறது. இரண்டு பேர் தூக்கக்கூடிய கட்டியை எடுப்பதற்குச் சேனை எதற்கு?

நான்காம் வமிசத்துக்குப் பின் கடினக் கற்கலங்கள் குறைந்து, பெரும்பாலும் அலபாஸ்தரே நிலைத்தது. செல்வர்களின் கை செம்பு, பொன் பாத்திரங்களின்பால் திரும்பியதும், கல்லறைக்கு உள்ளே குடையாத சிறு பொம்மைக் கலங்களே போதும் என்ற வழக்கம் வந்ததும் காரணங்கள். பிற்காலத்தில் யூயாவின் சமாதியில் மரத்தில் செய்து கல்போல் வர்ணம் தீட்டிய கலங்களையே வைத்தார்கள்.

கற்குழிக்கும் கல்லறைக்கும் நடுவிலுள்ள பட்டறைகளே இன்று பெரிய இடைவெளியாக நிற்கின்றன. ஹியராகோன்போலிஸ் போன்ற ஓரிரு ஊர்களில் குடைகற்களோடு வேலையிடங்கள் கிடைத்திருப்பினும், 40,000 கலங்களுக்குரிய பட்டறைகள் அனைத்தும் நைல் கரையின் வண்டலுக்கு அடியிலோ இன்றைய ஊர்களுக்கு அடியிலோ இருக்க வேண்டும். ஆகவே கற்குழிகளின் சாட்சியத்தையே அதிகம் நம்ப வேண்டியிருக்கிறது. அவையோ வேகமாக அழிந்துவருகின்றன. ஃபையூமுக்கு வடக்கே, உலகின் மிகப் பழைய கற்பாதைகளுள் ஒன்றையுடைய விதான் எல்-ஃபராஸ் பசால்ட் சுரங்கத்தின் ஒரு பகுதியை நவீனக் கல்லுடைப்பு விழுங்கிவிட்டது; ஜெபல் அல்-அஸ்ர் பிரதேசத்தைத் தோஷ்கா நீர்ப்பாசனத் திட்டமும் அதற்கான சாலைகளும் நெருக்குகின்றன. 2005 முதல் 2008 வரை நடந்த குவாரிஸ்கேப்ஸ் என்ற கூட்டு ஆராய்ச்சித் திட்டம் இவ்விடங்களைப் படமிட்டு, பாதுகாப்புக்குரிய எல்லைகளை எகிப்திய அரசாங்கத்துக்கு முன்மொழிந்தது. கோயிலும் சிலையும் நிற்கும் இடத்துக்கு வேலி போடுவதில் தயங்காத அதிகாரிகளுக்கு, வெற்றுக் கற்சிதர் பரவிய பாலைவெளிக்கும் வேலி வேண்டும் என்பதை விளங்கவைப்பதே அத்திட்டத்தினருக்கு வாய்த்த கடினமான வேலையாயிற்று.